க வரிசையில் ஐந்தாவது விலங்கு

"…ஆளில பிழை இல்லை, பிள்ளையிலயும் ஒரு பிழை இல்லை. சனம் சிரிக்குமெல்லோ, அதுதான் யோசினையாக் கிடக்கு," என்றார் கிளாக்கர். நான் என் சைக்கிள் திருத்துற கடையில் அவருடைய ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மன்னார்க் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், வேலை பார்த்தவர். மகனுக்கும் அங்கேயே ஒரு சின்ன வேலை கிடைத்திருந்தது. மகனுக்குப் பேசி வந்திருந்த பெண், தாழ்வுபாடு ஊர்ப் பக்கத்தில் கழுதை வைத்துப் பிழைத்த ஒருவரின் மூத்த மகள். அந்த மனிதர் ஆறேழு கழுதைகளில் விறகும் கருவாட்டு மூட்டையும் ஏற்றிக்கொண்டு காலையில் கடைத்தெருவுக்கு வருவார். மாதா கோயில் பதிவுப் புத்தகத்தில் அவருக்கு நல்லதொரு பெயர் இருந்தது. ஊருக்கு அவர் கழுதைக்காரர்.

"என்ர பெடியன் கந்தோருக்குள்ள போகேக்க, கழுதைக்காரற்ற மருமோன் வாறான் எண்டு ஒருத்தன் சொன்னாக் காணும். பென்சன் வரைக்கும் அதுதான் பேர்," என்றார்.

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லை ஐயா."

"உனக்கென்ன, ஒட்டுப் போட்டுக்கொண்டே பழமொழி சொல்லுவாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நான் அவருக்கு முடிவு சொல்லோணும்."

அன்று வியாழக்கிழமை. இடையில் சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் பொது அறிவுப் போட்டி இருந்தது. பள்ளிமுனை அணிக்கும் கடைத்தெரு அணிக்கும் கடைசிப் போட்டி. கேள்வி கேட்பவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எப்படிக் கேள்வி கேட்பவன் ஆனான் என்றால், படித்த மாஸ்டர்மார் எல்லோரும் ஏதோ ஓர் அணிக்கு ஆளாகிவிட்டார்கள். மிஞ்சியவன் நான். என் படிப்பு வறுத்த கடலை சுற்றிவந்த கடதாசிச் சரைகளைப் பிரித்துப் படித்த படிப்பு. பாதிக் கதைகளுக்கு எனக்கு முடிவு தெரியாது. அது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

போட்டியன்று கடைத்தெரு அணியில் ஒருவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாகக் கழுதைக்காரரைக் கொண்டுவந்து வாங்குப் பலகையில் இருத்தினார்கள். சுமை இறக்கிய பிறகு வாசிகசாலையில் நாலு பேப்பரையும் வரி விடாமல் படித்துவிட்டுப் போகிறவர் அவர். கடைத்தெருக்காரருக்கு அது தெரியும். முன்வரிசையில் கிளாக்கர் இருந்தார். முற்றத்தில் வள்ளத்துப் பாய்ச்சீலையைப் பந்தலாகக் கட்டியிருந்தார்கள்; ஆட்கள் வேலி வரைக்கும் நின்றார்கள். அதில் முக்கால்வாசி பள்ளிமுனை ஆட்கள். நானும் பள்ளிமுனைதான்.

கடைசிச் சுற்றில் ஒவ்வோர் அணியும் தகரப் பேணிக்குள் கையை விட்டு ஓர் எழுத்தை எடுக்க வேண்டும். அந்த எழுத்தின் வரிசையில் தொடங்கும் ஆபிரிக்க விலங்குகள் ஐந்தைச் சொல்ல வேண்டும். அணிக்கு ஒருவர்தான் வாய் திறக்கலாம். ஒரு சரிக்கு ஒரு புள்ளி. அதுவரை இரண்டு அணியும் சமம்.

பள்ளிமுனைக்கு ச வந்தது. எழும்பியவர் ஒரு சம்மாட்டி, மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர். சிங்கம், சிறுத்தை, சிம்பன்சி, சிவிங்கிப்புலி என்று நாலையும் வலை இழுக்கிற வேகத்தில் சொன்னார். பிறகு நின்றார். பாய்ச்சீலையைப் பார்த்தார். "சுறா" என்றார்.

"சுறா மீனெல்லோ அண்ணை," என்றேன்.

"மீன் விலங்கில்லையோ? ஆபிரிக்காவுக்குக் கடல் இல்லையோ?"

"உன்னைத்தான் கடல் இல்லாத ஊரில கொண்டுபோய் விடோணும்!" என்று பின்னால் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "சுறாவை எழுது, எழுது" என்று முற்றமே இரைந்தது. நான் சோக்கட்டியை எடுத்துப் பலகையில் ஐந்தாவதாகச் சுறாவை எழுதினேன். அவர்கள் சொன்னது எனக்குச் சரியாகவும் பட்டது. சனத்துக்கு நடுவில் நிற்கிறவனுக்கு நிறைய விசயம் சரியாகத்தான் படும்.

கழுதைக்காரர் பேணிக்குள் கையை விட்டார். க வந்தது.

காண்டாமிருகம் என்றார். கொரில்லா என்றார். காட்டெருமை என்றார். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு மூச்சு விட்டார். நாலாவதாகக் கழுதைப்புலி என்றார்.

"புலியை விட்டிட்டு மற்றதைச் சொல்லுங்கோ!" என்று வேலிப் பக்கத்தில் ஒரு குரல். சிரிப்பு எழும்பியது. அவருடைய கழுதை ஒன்று வேலிக்கு வெளியே போட்டி விளம்பரத்தைத் தின்றுகொண்டு நின்றது. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

இன்னும் ஒன்று வேண்டும். பக்கத்தில் இருந்த புடவைக்கடைத் தம்பி வாயைத் திறக்காமல் உதட்டால் கங்காரு, கங்காரு என்றான். கழுதைக்காரர் இல்லையென்று தலையாட்டினார். என் கையில் இருந்த விடைத்தாளில் ஐந்தாவதாகக் கீரி இருந்தது. அது அவருக்கு வரவில்லை.

அவர் முன்வரிசையை ஒருமுறை பார்த்தார். கிளாக்கர் மடியில் இருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வர இருக்கும் முடிவு என்னவென்று கழுதைக்காரருக்கும் தெரியாது. ஆனால் அது எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். தரகர் சொல்லியிருப்பார், அல்லது ஊர் சொல்லியிருக்கும். பேசாமல் இருந்துவிட்டால் ஒரு புள்ளிதான் போகும். எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது: மனிசா, பேசாமல் இரு.

"கழுதை," என்றார்.

முற்றம் சிரிப்பில் உடைந்து போயிற்று. விசில் அடித்தார்கள். ஒருவர் கழுதை மாதிரியே கத்தினார். அவருக்கு அந்தக் குரல் நன்றாகவும் வந்தது. கழுதைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, மழை விடக் காத்து நிற்கிறவர் மாதிரி நின்றார். சத்தம் அடங்கிய பிறகு, முதல் சொன்ன அதே குரலில் சொன்னார்:

"அரபுக்காரர் கப்பலில ஏத்திக்கொண்டு வந்து எங்கட கரையில விட்ட சாமான் அது. அவங்களுக்கு வந்தது ஆபிரிக்காவில இருந்து. பள்ளிமுனையில பருத்து நிக்கிற எங்கட பெருக்க மரமும் அப்பிடித்தான். எழுதுங்கோ அண்ணை."

நான் தாளைப் பார்த்தேன். தாளில் கழுதை இல்லை. கடைத்தெருவில் நித்தம் பேப்பர் தின்றுகொண்டு நிற்கிற ஒன்றை ஆபிரிக்க விலங்கென்று பலகையில் எழுத எனக்குக் கை வரவில்லை. சிங்கத்தோடும் காண்டாமிருகத்தோடும் ஒரே பலகையில் அது எப்படி நிற்கும்? வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன்: உலகத்து வீட்டுக் கழுதையெல்லாம் ஆபிரிக்கக் காட்டுக் கழுதையின் வழியில் வந்தவையாம். அது பிந்தி வந்த செய்தி. அன்று நான் சொன்னது ஒரே சொல்தான்.

"பிழை."

பள்ளிமுனை ஆட்கள் எழும்பிக் கை தட்டினார்கள். கோப்பை எங்களுக்கு. கழுதைக்காரர், "நீங்கள் சொன்னாச் சரி," என்று வாங்கில் இருந்தார். சுறாவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்போது கிளாக்கர் எழும்பினார்.

"ஒரு நிமிசம்," என்றார். "சுறா ஆபிரிக்கா எண்டு உம்மட தாளில கிடக்கோ?"

"இல்லை ஐயா."

"இல்லாததை எழுதினீர். இதையும் எழுதும். இல்லாட்டி ரெண்டையும் அழியும். ஒரு கந்தோருக்குள்ள ரெண்டு சட்டம் நடவாது."

வேலிப் பக்கத்தில் இருந்த அதே குரல் காத்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். "அடடே, சம்பந்தி எழும்பிட்டார்! கழுதைக்குச் சாட்சி சொல்ல!"

இந்த முறை சிரிப்பு கழுதைக்காரரை விட்டு, நேரே கிளாக்கரிடம் போயிற்று. இரண்டு நாளைக்கு முன் என் கடையில் அவர் பயந்த அதே சிரிப்பு. பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டி அவர் முகத்தைப் பார்த்தார்கள். காதெல்லாம் சிவந்துவிட்டது. இருந்துவிடுவார் என்று நினைத்தேன். குடையை மற்றக் கைக்கு மாற்றினார். கழுதைக்காரர் மட்டும் அவரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், சம்பந்திதான்," என்றார் கிளாக்கர். "அதுக்கு இப்ப என்ன?"

யாரோ ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் சோக்கட்டியோடு நின்றேன். கிளாக்கர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தான் இருந்த கதிரையை இரண்டு கையாலும் தூக்கினார். முன்வரிசைக் கால்களுக்கு மேலால் அதைக் கொண்டுபோய், கடைத்தெரு அணியின் வாங்குக்குப் பக்கத்தில், கழுதைக்காரரின் தோளோடு தோள் முட்டும்படி வைத்துவிட்டு, அதில் இருந்தார்.