கிழித்துப் பார்ப்பவள்

கூடுவாஞ்சேரியில் மக்கும் பைகள் செய்யும் சிறிய கம்பெனியில் ஷாயிஸ்தாவுக்கு ஆறு வருடமாக ஒரே வேலை. பையை இயந்திரத்தில் மாட்டி, கிழியும்வரை இழுத்துப் பார்க்க வேண்டும்.

சோள மாவுப் பைகள் அப்பளமாய் நொறுங்கியதால் முதலாளி துரைராஜ் கலவையில் கிளிசரின் சேர்த்தார். பை நன்றாக இழுபட்டது. இருந்தும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பையில் வெங்காயம் போட்டு, அஸ்தினாபுரத்து வீட்டுச் சமையலறையில் மாட்டிவைத்தாள். பத்தாம் நாள் கிளிசரின் கசிந்து பை கையில் பிசுபிசுத்தது. ஓரமெல்லாம் பழையபடி மொரமொரத்தது. அதை அப்படியே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள்.

"மதியம் லாரி வருதும்மா. டெஸ்ட்ல பாஸ் ஆச்சே?"

"அன்னிக்கு பாஸ் சார். வாங்கிட்டுப் போறவங்க வீட்ல ஃபெயில் ஆயிடுமே."

துரைராஜ் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, லாரி வேண்டாமென்று போன் செய்தார்.

கிளிசரினைக் குறைத்து, மக்கக்கூடிய இன்னொரு மென்மையான பிளாஸ்டிக்கைக் கலந்தார்கள். மூன்று கலவைகள் சரிவரவில்லை. நான்காவதைப் பத்து நாள் வைத்திருந்து இழுத்தாள். பை நீண்டுகொண்டே போய், வெகுநேரம் கழித்துத்தான் கிழிந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பசி தெரிந்தது. மணி மூன்றாகியிருந்தது.