எதிர்த்தரப்புக்கு ஓர் இளநீர்

வக்கீல் வைக்காமல் மேல்முறையீட்டுக்குப் போனால், அரசாங்கமே ஒரு வக்கீலைத் துணைக்கு அனுப்பும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள்... எங்கள் திருப்பூரில் நூல் வாங்க ஓர் ஏஜென்ட், சாயம் போட ஓர் ஏஜென்ட். நியாயம் வாங்க மட்டும் ஆள் இல்லாமலா போகும்?

பொங்கலூர் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கிளார்க். மனைவிக்கு அவசர ஆபரேஷன். சொல்லாமல் லீவு எடுத்ததாகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். அப்பீலும் தோற்றால்? ஐம்பது வயதுக்கு மேல் பனியன் கம்பெனியில் துணியில் குறை தேடும் செக்கிங் டேபிள்தான். அதற்கும் என் தடித்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தால் எடுக்க மாட்டார்கள்.

விசாரணை அன்று வாசலில் ஒரு கறுப்புக் கோட்டு. "அப்பீல் பண்ணினது நீங்களுங்களா?"

ஆஹா, நம்ம ஆள்! இளநீர் வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். "லீவு லெட்டர் குடுக்கலீங்க. ஹெட் கிளார்க்குக்குப் போன்லதான் சொன்னனுங்க. பாத்துப் பேசிருங்க."

"பேசிர்றனுங்க" என்றார்.

பேசினார் — உள்ளே, துறையின் சார்பில்! "லெட்டர் குடுக்கலைன்னு வெளியில இவரே ஒத்துக்கிட்டாருங்க மேடம்."

இளநீர் வாங்கிக் கொடுத்த ஆளையே முறைத்துப் பார்த்தேன்.

அப்பீலை விசாரித்த அதிகாரி அம்மா வக்கீலைப் பார்த்தார். "நீங்க யாரு பக்கம்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கலீங்க மேடம்."

"வெளியில பேசினதை நான் எடுத்துக்க மாட்டேன்." என் பக்கம் திரும்பினார். "இவர் துறையோட வக்கீல். இங்கே நீங்க சொல்றதுதான் பதிவாகும். யோசிக்க டைம் வேணுமா?"

"வேண்டாங்க மேடம். லெட்டர் குடுக்கலைங்கறது நெசந்தானுங்க. ஆனா போன் பண்ணி ஹெட் கிளார்க்குகிட்ட சொன்னனுங்க."

"அந்த ஹெட் கிளார்க்கை யாராவது விசாரிச்சீங்களா?"

வக்கீல் தலையைச் சொறிந்தார். "இல்லீங்க மேடம்."

"அப்ப வரச் சொல்லுங்க."

அதிகாரி அம்மா எனக்குச் சலுகை காட்டினாரா? வக்கீலின் முகம் அப்படித்தான் சொன்னது. எனக்கென்று ஒரு வக்கீல் இருந்தால் முதலில் கேட்டிருக்கும் கேள்விதானே அது! அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு எதிரே யார், விதி என்ன என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது இரக்கம் இல்லை. ஆட்டமே அப்போதுதான் ஆரம்பம்.

அடுத்த வாய்தாவில் ஹெட் கிளார்க் வந்தார். போன் வந்ததை ஒப்புக்கொண்டார். பணிநீக்கம் ரத்து, லெட்டர் தராததற்குக் கண்டனம். திங்கட்கிழமை காலை மறுபடி வேலையில் சேர்ந்தேன்.