இருபது மடங்கு பெரிதாக்கிய சாவி

கார் நின்றிருந்த இடத்தில் என் மகளின் செருப்பு மட்டும் இருந்தது. இரண்டும் ஒட்டினாற்போல், கடலைப் பார்த்தபடி, வீட்டு வாசலில் யாரோ கழற்றி வைத்ததுபோல இருந்தன.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்பின் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு நாங்கள் மூவரும் கடற்கரைக்கு இறங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு வந்தது. நல்ல வெயில். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினால், மணலில் டயர் தடம் சாலைவரை போய் நின்றுவிட்டிருந்தது. ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லை. என் கணவர் பையிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பொத்தானை அழுத்தினார். தோப்புக்குள் எங்கிருந்தாவது அந்த 'பீப்' சத்தம் கேட்கும் என்று மூவரும் காதைக் கொடுத்து நின்றோம். சவுக்கு மரங்களின் இரைச்சல்தான் கேட்டது.

"செருப்ப கார்லதான விட்டே?" என்று மகளைக் கேட்டேன்.

"ஆமாம்மா." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரிலம்மா," என்றாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

எங்கள் இரண்டு குடும்பங்களிலும் அதுதான் முதல் கார். என் அப்பாவும் என் கணவரின் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நான் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். அவருக்கு சிறுசேரியில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஏ.சி. பராமரிப்பு. கூடுவாஞ்சேரியில் குடியிருந்தோம். கார் வாங்கியபோது தெருவில் இரண்டொருவர், "இதுங்களுக்கு எப்படி?" என்று பேசிக்கொண்டது எங்கள் காதுக்கும் வந்தது. அதனால்தானோ என்னவோ, கார் திருடுபோனதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருந்தது.

போலீசில் புகார் கொடுத்தோம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினோம். விசாரிக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். சிரித்த முகம். செருப்பு விஷயத்தைச் சொன்னதும் பேனாவை நிறுத்தினார்.

"வண்டி எடுக்கற அவசரத்துல, கொழந்த செருப்ப எடுத்து ஜோடியா வெச்சிட்டா போவான் மேடம்?"

இரண்டு சாவிகளையும் கேட்டார். ஒன்று என் கணவர் தினமும் வைத்திருப்பது. இன்னொன்று, கார் வாங்கிய நாளிலிருந்து பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது. விசாரிக்க வந்தவர் இரண்டையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கூடவே ஒரு தடயவியல் நிபுணரின் அறிக்கை, ஆங்கிலத்தில் நான்கு பக்கம். சாவிகளை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்ததாகவும், இரண்டாவது சாவியில் அண்மைக்காலத் தேய்மானம் இருப்பதாகவும், சாவி நகல் எடுக்கும் இயந்திரத்தின் முள் அதன்மேல் ஓடிய கோடு தெளிவாகத் தெரிவதாகவும் எழுதியிருந்தார். முறையான சாவி இல்லாமல் இந்த வகைக் காரைக் கிளப்பவே முடியாது என்றும், ஆகவே உரிமையாளருக்குத் தெரியாமல் கார் போயிருக்க வாய்ப்பில்லை என்றும் முடித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு படம். இருபது மடங்கு பெரிதாக்கப்பட்ட சாவி. பார்க்க உலோகம் மாதிரியே இல்லை. அலை அரித்த பாறைபோல, பள்ளமும் மேடுமாக இருந்தது. நடுவில் தூண்டில் முள்போல வளைந்த ஒரு கோடு.

இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. அந்த அறிக்கையை நான் நம்பினேன். பதினைந்து வருடமாக அறிக்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவள். நோயாளி, "எனக்கு சக்கரையே இல்லம்மா," என்பார். அறிக்கையில் உள்ள எண், 'இருக்கிறது' என்று சொல்லும். எண்ணைத்தான் நம்புவோம். அப்படியே பழகிவிட்டேன்.

பீரோவில் அந்தச் சாவி இருந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் எடுக்கவில்லை.

மூன்று நாள் அடக்கி வைத்திருந்தேன். நான்காம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன். "அந்த சாவிய யார்ட்டயாவது குடுத்தீங்களா?"

அவர் பிசைந்த சோற்றைப் பார்த்தார். "நீயுமா கேக்குற?"

"கேக்கலங்க. பேப்பர்ல எழுதி இருக்கேன்னு..."

"பேப்பர்ல எழுதி இருந்தா?"

கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். மறுநாள் வீட்டில் இருந்த சாவிகளையெல்லாம், பைக் சாவி, பூட்டுச் சாவி, அவருடைய ஆபீஸ் லாக்கர் சாவிகூட, நான் சமைக்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஆணியில் ஒன்றாக மாட்டியிருந்தார். வேலைக்குப் போகும்போது என்னைக் கேட்டுத்தான் பைக் சாவியை எடுத்தார்.

அதன்பிறகு வீட்டில் நாலாவதாக ஒரு ஆள் இருப்பதுபோல ஆகிவிட்டது. அவன் என் கணவரின் சாயலில் இருந்தான். பகலில் நானில்லாத நேரம் பீரோவைத் திறக்கிறான். கைக்குட்டையை அவிழ்த்துச் சாவியை எடுத்துப் போகிறான். நகலெடுத்துக் கொண்டுவந்து, அதே மடிப்பில் சுற்றி வைக்கிறான். என் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். புடவையை விரித்து உதறுவேன். முகர்ந்துகூடப் பார்ப்பேன். கீழே பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பூட்டும் 'பீப்' சத்தம் கேட்டால் பால்கனிக்கு ஓடுவேன். ஜி.எஸ்.டி. சாலையில் ஒருமுறை எங்கள் நிறத்துக் கார் ஒன்று என் பஸ்ஸை ஒட்டியே வந்தது. சிக்னலில் நின்றபோது குனிந்து பார்த்தேன். ஓட்டுபவரின் கை மட்டும் தெரிந்தது. மணிக்கட்டில் என் கணவருடைய கடிகாரம் போலவே ஒன்று. அவர் அந்நேரம் சிறுசேரியில் வேலையில் இருந்தார். தெரிந்தும், போன் போட்டுக் கேட்டேன். "எங்க இருக்கீங்க?" அவர், பக்கத்தில் வேலை செய்தவரிடம் போனைக் கொடுத்துவிட்டார். "அண்ணன் இங்கதாங்க்கா இருக்காரு," என்றார் அந்த ஆள்.

என்னை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தது என் வேலைதான். ஒரு நாள் காலை ஒரு ஆள் ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு கவுன்டருக்கு வந்தார். சுமை தூக்குகிறவர், கல் மாதிரி உடம்பு. அறிக்கைப்படி அவருக்கு ரத்தமே பாதிதான் இருந்தது.

"இதுல கீறது நான் இல்ல மா," என்றார். கோபமே இல்லாமல், வழி கேட்பதுபோலச் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். இயந்திரம் சரி, எண்ணும் சரி. குழாயில் ஒட்டிய பெயர்தான் மாறியிருந்தது. ஒட்டியது நான்.

வேறு ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்தப் பழுப்புக் கவர் கண்முன் வந்தது. அதன்மேல் எங்கள் பெயர் எழுதவில்லை. ஒட்டவில்லை, சீல் வைக்கவில்லை. எங்களுக்குக் கொடுத்த ரசீதில் "சாவி இரண்டு" என்று இருந்ததே தவிர, சாவியின் எண் இல்லை. அது எங்கள் சாவி என்று அந்த நிபுணருக்கு யார் சொன்னார்கள்?

அன்று மாலையே எங்கள் வழக்கறிஞரிடம் போய் இதைச் சொன்னேன். நுகர்வோர் நீதிமன்றத்தில் என் கணவர் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தார். அதிகம் பேசாத பெண்மணி அவர். "இத முன்னாடியே சொல்லிருக்கலாமேம்மா," என்று மட்டும் சொன்னார். நிபுணரை நேரில் வரவழைத்துக் கேள்வி கேட்க அனுமதி கோரி மனுப் போட்டார்.

அடுத்த வாய்தாவுக்கு செங்கல்பட்டில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் கையில் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். கடலோரக் குப்பத்திலிருந்து வந்திருந்தார். மீன் வியாபாரம்.

"இங்கிலீசு படிப்பியா மா? இன்னா எய்தி கீதுன்னு கொஞ்சம் சொல்லேன்."

மீன் ஏற்றும் அவருடைய சின்ன லோடு வண்டி, ஐஸ் பெட்டிகளோடு காணாமல் போயிருந்தது. அவருடைய வழக்கில் வந்த அறிக்கை அது. படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி படித்ததும் மூன்றாவது வரி எனக்கே தெரிந்தது. பார்க்காமலே சொன்னேன். அண்மைக்காலத் தேய்மானம், நகல் இயந்திரத்தின் முள், உரிமையாளருக்குத் தெரியாமல். ஒரு வார்த்தையை எங்கள் அறிக்கையில் எழுத்துப்பிழையோடு அடித்திருந்தார்கள். இங்கேயும் அதே பிழை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அலை அரித்த பாறை. தூண்டில் முள் கோடு.

எங்கள் காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஒரே படம், கீழே ஒரே கையெழுத்து.

"இன்னா மா, ஒரு மாரி ஆய்ட்டே?"

சொன்னேன். அந்த அம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அழுகை வரவில்லை. குரல்தான் இறங்கியது.

"என் மருமவன்தான் வண்டி ஓட்டிகினு இருந்தான். அவன்தான் சாவிய காப்பி அட்ச்சி குட்துட்டான்னு சொன்னாங்கோ. நானும் அவன் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன். பொண்ணையும் புள்ளையையும் கூட்டிகினு பூட்டான். ஏயு மாசம் ஆவுது." படத்தின்மேல் விரலை வைத்து, "அப்போ இது யாரு சாவி?" என்று கேட்டார்.

நிபுணர் வந்த அன்று நான் எதிர்பார்த்தது வேறு ஆளை. வந்தவர் எழுபதை நெருங்கியவர். வெளுத்த சட்டை, மெல்லிய குரல். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். பொய் சொல்லும் முகமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க இந்தக் காரைப் பார்த்திருக்கீங்களா?" என்று எங்கள் வழக்கறிஞர் கேட்டார்.

"கார் கிடைக்கலையேம்மா."

"அதோட பூட்டு?"

"இல்லை."

"சாவி இல்லாம, வேற கருவிய வெச்சு இந்த மாதிரி வண்டியைக் கிளப்ப முடியுமான்னு நீங்க சோதிச்சுப் பார்த்ததுண்டா?"

"முடியாதுன்னு கம்பெனிக் கையேட்டுல இருக்கு."

"நீங்க சோதிச்சீங்களா?"

"இல்லை."

இரண்டு படங்களும் அவர் முன்னால் வைக்கப்பட்டன. வெகுநேரம் பார்த்தார். "ஒரே இயந்திரத்துல ஓடின சாவின்னா, கோடு ஒரே மாதிரி விழலாம்."

"கோடு விழலாம் சார். தூசி?" என்றார் வழக்கறிஞர்.

"என்ன?"

"இடது ஓரத்துல ஒரு தூசி இருக்கு. ரெண்டு படத்துலயும் அதே இடத்துல. ஒண்ணு கார் சாவி. இன்னொண்ணு மீன் வண்டி சாவி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் அதிகம் பயந்துபோனவர்போலத் தெரிந்தார். "நான் பார்த்தேன்," என்றார். "கோட்டை நான் என் கண்ணால பார்த்தேன்."

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அந்த அறிக்கையை ஏற்க முடியாது என்றும் கம்பெனி இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னார்கள். குப்பத்து அம்மாவின் வழக்கும் அதன்பின் ஜெயித்தது. மருமகன் திரும்பி வந்தாரா என்று போனில் கேட்டேன். "வந்துகினு போய்கினு கீறான். சாப்ட மாட்டேன்றான்," என்றார்.

தீர்ப்பு வந்த அன்று வீட்டில் என் கணவரிடம், "என்ன மன்னிச்சிடுங்க," என்றேன்.

"கேட்டதுல தப்பில்ல. யாரா இருந்தாலும் கேப்பாங்க." அவர் என்னைப் பார்க்காமல்தான் பேசினார். "ஆனா அதுக்கப்புறம் ஒரு வருஷம் என்ன பாத்துகினே இருந்தே பாரு. துணி மடிச்சா பாக்கற, தண்ணி குடிச்சா பாக்கற. ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்துச்சு. நாமதான் குடுத்துட்டு மறந்துட்டமோன்னு, பீரோவ தொறந்து நின்னு யோசிச்சேன்."

ஆணியில் மாட்டியிருந்த சாவிகளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

போன மாதம் வேலை முடிந்து செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் அந்த நிபுணர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அவரே பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் சௌக்கியமாம்மா?"

"நல்லா இருக்காரு."

மறைமலைநகர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னார்.

"அந்தப் படத்துல இருக்கற சாவி யாரோடதுன்னு நானும் தேடிப் பார்த்தேன்மா. என் கம்ப்யூட்டர்ல இருக்கற எல்லா வழக்கையும் திறந்து பார்த்தேன். ஒருத்தர் பேரும் அதுல இல்ல. முதல் முதல்ல எப்ப எடுத்தேன்னும் ஞாபகம் வரல. ஆனா நிறைய அறிக்கையில அது இருக்கு."

"எத்தனை சார்?"

அவர் தலையை ஆட்டினார். எண்ணவில்லை என்றா, சொல்ல மாட்டேன் என்றா, தெரியவில்லை.

"இப்பவும் எழுதறீங்களா?"

"கூப்பிடறாங்கம்மா," என்றார்.

கூடுவாஞ்சேரி வந்தது. இறங்கினேன். வீட்டில் என் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

"நிறைய அறிக்கைன்னா," என்றார் மெதுவாக, "நிறைய வூடு."