புகாரக்காவின் ஒன்றரை மணி

தண்ணீர் வரவில்லை, பில் தப்பு, ஆள் வரவே இல்லை என்று ஊரார் போனில் கத்துவதைப் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் அவள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே புகாரக்கா. தனக்கென்று ஒரு புகார் இருப்பதாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். பிள்ளை குட்டி கிடையாது. நாள் முழுக்க ஆயிரம் பேர் பேசினாலும் அவளிடம் அவளுக்காகப் பேசுகிற ஒரே ஆள் பக்கத்து நாற்காலி வாயாடிதான். மதியம் இருவரும் டப்பாவைத் திறந்தால், மருமகள் கதை முதல் மேலாளரின் தொப்பை வரை எதுவும் தப்பாது.

அதற்கும் வேட்டு வைத்தார் புதிதாக வந்த மேலாளர். அழைப்புகள் காத்திருக்கக் கூடாதாம். யார் எப்போது சாப்பிடுவது என்று இனி கம்ப்யூட்டர் சொல்லுமாம். இவளுக்குப் பன்னிரண்டு, வாயாடிக்கு ஒன்றரை. போதாததற்கு ஆளுக்கொரு மாடியில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்குப் போனால் வாயாடியைப் பேரப்பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள், போனில் கூடப் பிடிக்க முடியாது. நேரம் பிடிக்காதவர்கள் மாற்றிக் கேட்கலாம்; ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு முறை.

மூன்று வாரம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள் புகாரக்கா. வாயாடி ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்தான். இந்த மதியங்களும் போய்விட்டால் தனக்கென்று என்ன மிஞ்சும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. விண்ணப்பம் போட்டாள். திங்கள் முதல் ஒன்றரை மணி என்று பதில் வந்தது. வாயாடியிடம் மூச்சு விடவில்லை. திடுதிப்பென்று எதிரே போய் உட்கார வேண்டும் என்று சின்னப்பிள்ளை போல ஆசை.

திங்களன்று சாப்பாட்டு அறையில் மேசை துடைக்கும் பெண் மட்டும்தான் இருந்தாள்.

"என்னக்கா, இப்ப வர்றீங்க? உங்க சிநேகிதி பன்னெண்டுக்கே வந்தாங்களே! உங்களுக்காக நேரத்த மாத்தி வாங்கிட்டாங்களாம். உங்ககிட்ட சொல்லலையாம், நீங்க எப்படி முழிப்பீங்கன்னு ஒரே சிரிப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வாசலையே பாத்துட்டு இருந்தாங்க. டப்பாவத் திறக்காமலே போயிட்டாங்க."

புகாரக்கா நேராக மேலாளர் அறைக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அடடா! ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. ஆறு மாசம் கழிச்சு மறுபடி போடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் நானே போட்டுத் தர்றேன்."

அன்பாகத்தான் சொன்னார். அவளும் நன்றி சொல்லிவிட்டு வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.