ஓட்டவா, வைக்கவா?

விற்பனைக்கென்று கைபேசியில் வந்த பழைய அம்பாசிடர் பிரேக் டிரம்மின் விளிம்பில், சுரண்டியும் போகாத சிவப்புப் பெயிண்டைப் பார்த்ததும், கும்பகோணத்தில் அப்பா வைத்திருந்த பழைய கார் சாமான் கடை மண்ணெண்ணெய் வாசனையோடு முன்னால் வந்தது. தேய்ந்த ஒரிஜினல் டிரம் கேட்டு வருகிறவர்களிடம், டிரம்மை ஸ்பானரால் ணங்கென்று தட்டியபடி, "ஓட்டவா, வைக்கவா?" என்பார். ஓட்டுகிறவர்களை, "பிரேக் சரியா பிடிக்காதுங்க, புதுசு போட்டுக்குங்க" என்று அனுப்பிவிடுவார். துபாய்க்குக் கிளம்புமுன் காரை நெல் கொட்டகையில் நிறுத்துகிறவர்கள், "எங்கப்பா வண்டிங்க, ஒரிஜினலா நிக்கட்டும்" என்பார்கள். அவர்களுக்கு மட்டும், "ஓட்டக் கூடாது" என்று விளிம்பில் சிவப்பால் எழுதிக் கொடுப்பார். இப்போது கடையும் இல்லை, அப்பாவும் இல்லை.

விற்பவரை அழைத்து, இதைப் போட்டு ஓட்டலாமா என்று கேட்டேன்.

"தாராளமா ஓட்டலாம் மேடம்" என்றார்.

என்னிடம் கார் கிடையாது. உடனே வாங்கிவிட்டேன்.