இறக்கத்தில் சத்தமில்லாமல் வரும் கார்

இதில் நான் உண்மையை மட்டும், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். இரங்கல் கூட்டங்களில் இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மீரான் ராவுத்தரைப் பற்றி அப்படிப் பேசினால் ஜங்லிகாட் கடைக்காரர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். அவரே கேட்டாலும் சிரித்துவிடுவார். அவருடைய தங்கை மகன் அமீன் அண்ணன், "கூட்டத்துல வாசிக்கணும். நீதான் படிக்கிற புள்ள, எழுதிக் குடு" என்று கேட்டதால் எழுதுகிறேன்.

அவர் இறந்த செய்தி எங்களுக்கு ஒரு சத்தமாக வந்தது. சனிக்கிழமை காலை ஷாதிபூரில் எங்கள் வீட்டு வராந்தாவில் சரித்திரப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். மேலே தெருச் சரிவில் ஒரு கார் இரைந்துகொண்டு இறங்கியது. பின்கதவு ஆடும் ஓசையை வைத்து அது ராவுத்தர் மாமாவின் பழைய கறுப்புக் கார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கார் அந்தச் சரிவில் எஞ்சின் ஓட இறங்கி நான் கேட்டதே இல்லை. வாரம் ஒருமுறை ஃபெரார்கஞ்சிலிருந்து தன் கடைக்குச் சாமான் வாங்க வரும்போது, அவர் மேட்டிலேயே எஞ்சினை அணைத்துவிடுவார். கார் பூனை மாதிரி வந்து வாசலில் நிற்கும். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஓட்டுறது ராவுத்தர் அண்ணன் இல்ல" என்றாள். காரிலிருந்து அமீன் அண்ணன் மட்டும் இறங்கினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இந்தத் தீவுகளுக்குப் பெட்ரோல் கப்பலில் பீப்பாய்களில் வருகிறது. கப்பல் தாமதமானால் வண்டிகள் நின்றுவிடும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கப்பல் வந்து சேர்ந்த மறுநாளே எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். ராவுத்தர் மாமா மறந்ததில்லை. அவர் காரில் ஏறுகிறவர்கள் அவருடைய சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். செங்குத்தான ஏற்றம் வந்தால், நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். மேட்டில் கார் காத்திருக்கும். அங்கே ஏறிக்கொள்ளலாம். பிறகு இறக்கம் முடியும்வரை எஞ்சின் ஓடாது. காரை எங்கே நிறுத்தினாலும், உருட்டிக் கிளப்ப வசதியாக, மூக்கு பள்ளத்தைப் பார்த்துத்தான் இருக்கும். "எறக்கத்துல எஞ்சினை ஓட விடுறவன், மழையில நின்னுக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்துறவன்" என்பார்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அவர் காரைக் கேட்டார்கள். அவரும் சந்தோஷமாக வந்தார். மரைன் ஹில் ஏற்றம் வந்ததும் காரை ஓரமாக நிறுத்தி, "மாப்பிள்ள கொஞ்சம் எறங்கணும்" என்றார். பட்டுச்சட்டையும் மாலையுமாக மாப்பிள்ளை நாயனக்காரருக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நடந்தார். மேலே பெண்வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்கள். கார் காலியாக வந்தது. "மாப்பிள்ள எங்க?" என்று கேட்டதற்கு, "வந்துக்கிட்டே இருக்காரு. நல்ல உடம்பு, மூச்சே வாங்கல. பொண்ணக் குடுக்கலாம்" என்றார். அந்த வீட்டார் இன்றுவரை அவர் கடையில் சாமான் வாங்குவதில்லை.

ஜங்லிகாட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் பிஸ்வாஸ் பாபு அவருக்குக் "கஞ்சூஸ் பாய்" என்று பெயர் வைத்தார். கருமி என்ற அந்தப் பெயர் எல்லா பாஷைக்காரர்களுக்கும் புரிந்ததால் நிலைத்துவிட்டது. "கஞ்சூஸ் பாய், காடி மே பெட்ரோல் டால்தே ஹோ, யா அத்தர்?" என்று, வண்டிக்கு ஊற்றுவது பெட்ரோலா அத்தரா எனக் கேட்டுக் கடையிலிருந்தே கத்துவார். "அத்தர் சஸ்தா ஹை, பாபு" என்று இவர் பதில் சொல்வார். அத்தர் இதைவிட மலிவு என்று அவர் சொன்னது வேடிக்கைக்காக என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

இனி, எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும் முழுதாகத் தெரியாத ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டும். அப்போது நாங்கள் ஃபெரார்கஞ்சில் அவர் கடைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே சர்க்கார் ஆபீசில் வேலை. அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்குவாள். மெட்ராசில் ஆபரேஷன் செய்தால்தான் பிழைப்பாள் என்றும், இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல்வரை தாங்குவாளா என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் அப்பாவிடம் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று நான் அதைக் கேட்டேன். டிக்கெட் கிடைத்துவிட்டது. கப்பல் அன்று பிற்பகல் ஹார்பரைவிட்டுக் கிளம்புகிறது. ஆனால் பெட்ரோல் பீப்பாய்கள் வரவேண்டிய வேறொரு கப்பல் புயலால் வரவில்லை. அப்பாவின் ஆபீஸ் ஜீப் காலி டாங்கியோடு ஷெட்டில் நின்றது. பெட்ரோல் இருந்தபோது அதில் மீன் வாங்கப் போய்வந்தார்கள்.

ராவுத்தர் மாமாவிடம் மட்டும் கொஞ்சம் இருந்தது. கடைக்குப் பின்னால் பூட்டிவைத்திருந்த டின்னைக் கொண்டுவந்து, துணியால் வடிகட்டி ஊற்றினார். கடைசிச் சொட்டு விழும்வரை டின்னைக் கவிழ்த்தே பிடித்திருந்தார். "ராவுத்தரே, கப்பல் போயிரும்" என்றார் அப்பா. "இந்தச் சொட்டு இல்லாமப் போனா, கப்பலு நின்னாலும் நாம போய்ச் சேர மாட்டோம் சார்" என்றார் அவர். அம்மாவைப் பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே உட்காரவைத்தோம். "தங்கச்சி, நீ மட்டும் எறங்க வேண்டாம். மகாராணி மாதிரி இரு" என்றார்.

முதல் ஏற்றத்தில் அப்பாவும் நானும் இறங்கி நடந்தோம். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். நான் பாதி ஓட்டமாகப் போனேன். காரின் பின்கண்ணாடியில் அம்மாவின் தலை தெரிகிறதா, சாய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். மேட்டில் ஏறிக்கொண்டதும் அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. கார் தானாக இறங்கத் தொடங்கியது. அந்த அமைதியில்தான் எனக்கு அம்மாவின் மூச்சு கேட்டது. உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். எஞ்சின் ஓடும்போது அது கேட்காது. அதனால் ஒவ்வொரு மேடும் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

மரக்கிடங்குக்கு முன்னால் நீளமான ஓர் இறக்கம் உண்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வளைவில் திரும்பியபோது, காட்டு இலாகா யானை ஒன்று பெரிய மரத்தைச் சாலையின் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தது. பாகன் "ரோகோ, ரோகோ" என்று நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினான். ராவுத்தர் மாமா பிரேக்கை அழுத்தினார். மேலேயிருந்தே அழுத்தி அழுத்தி வந்ததில் அது சூடேறிவிட்டது. மிதி உள்ளே போனதே தவிர, கார் நிற்கவில்லை. கைபிரேக்கை இழுத்தார். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. எஞ்சின் ஓடியிருந்தால், கியரில் போட்டுக் கட்டுப்படுத்திக்கொண்டே இறங்கியிருக்கலாம். அவர் ஸ்டீரிங்கை ஒடித்து, காரை மண்மேட்டில் மோதவிட்டார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா சீட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்திருந்தாள். உதடு நீலமாகிவிட்டது. நானும் அப்பாவும் தூக்கி உட்காரவைத்தோம். அவள் கண்ணைத் திறந்ததும் அப்பா முன்பக்கம் போய் ராவுத்தர் மாமாவின் சட்டையைப் பிடித்தார். என் அப்பா யாரையும் தொட்டுச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

"அவள விட ஒனக்குப் பெட்ரோல் பெருசாய்யா?"

ராவுத்தர் மாமாவின் வாயில் ரத்தம் வழிந்தது. அவர் அப்பாவின் கையை விலக்கவில்லை. "தப்பு எம்மேலதான் சார். தனியாப் போறப்பச் செய்யிற வேலைய ஆளுங்கள வெச்சுக்கிட்டுச் செஞ்சுட்டேன். அடிக்கணும்னா ஹார்பருக்குப் போய் அடிங்க. இப்ப நேரமில்ல" என்றார்.

பாகன் மரத்தை அவிழ்த்துவிட்டு, சங்கிலியைக் காரில் மாட்டினான். யானை ஒரே இழுப்பில் காரைச் சாலைக்குக் கொண்டுவந்தது. டயரில் உரசிய மட்கார்டை எல்லோரும் சேர்ந்து வெளியே வளைத்தார்கள். பிரேக் ஆறும்வரை காத்திருந்து, அவர் அதை மிதித்து மிதித்துப் பார்த்த பிறகுதான் புறப்பட்டோம். அந்த நேரம் முழுவதும் அப்பா கடிகாரத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனிமே எஞ்சின் நிக்கக் கூடாது" என்றார் அப்பா.

"சரி சார். ஆனா ஹார்பர் வரைக்கும் பெட்ரோல் வராது."

"வராட்டி நான் தள்ளுறேன்."

அதன்பிறகு ஏற்றத்திலும் இறக்கத்திலும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. எனக்கு அம்மாவின் மூச்சு கேட்கவில்லை. அவள் மூக்குக்குக் கீழே என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வந்தேன். வெளிக்காற்றும் உள்ளே வந்ததால், எது அவள் மூச்சு என்று தெரியவில்லை. அப்பா பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தார். நகரத்துக்குள் இறங்கும் கடைசி மேட்டை அடைந்தபோது முள் அடியில் ஒட்டிக்கிடந்தது. தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது.

அப்பா மெதுவாக, "ராவுத்தரே, அணைங்க" என்றார்.

அவர் காரை நிறுத்தினார். "நீங்க சொல்லி நான் அணைக்க மாட்டேன் சார். கீழ விழுந்தவ தங்கச்சிதான். அவ சொல்லட்டும்." பின்னால் திரும்பி, "தங்கச்சி, பிரேக்கு இப்ப நல்லாப் பிடிக்குது. மெதுவாத்தான் விடுவேன். அணைச்சிரட்டுமா?" என்று கேட்டார்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அம்மா, மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்: "அணைங்கண்ணே. இந்தச் சத்தத்துல... என் மூச்சு எனக்கே கேக்கல."

அவர் சாவியைத் திருப்பினார். ஒரு காலை பிரேக்கிலும் ஒரு கையைக் கைபிரேக்கிலும் வைத்துக்கொண்டு, மனிதர் நடக்கும் வேகத்தில் இறக்கினார். நான் அம்மாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டே வந்தேன். அடிவாரத்தில் எஞ்சினைக் கிளப்பினார். ஜங்லிகாட் கடைத்தெருவுக்கு நடுவே அது இருமிவிட்டு நின்றது. ஹார்பருக்கு இன்னும் ஒரு சிறிய ஏற்றம் இருந்தது.

அப்பா சொன்னபடி இறங்கித் தள்ள ஆரம்பித்தார். கார் நகரவில்லை. பிஸ்வாஸ் பாபு கடையிலிருந்து பார்த்து, "கஞ்சூஸ் பாய், அத்தர் கதம்?" என்று, தீர்ந்துவிட்டதா எனக் கேலியாகக் கேட்டார். பிறகுதான் பின்சீட்டில் அம்மாவைக் கண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பக்கத்துக் கடைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் சிலர் அன்று அந்தக் காரைத் தள்ளியவர்கள். எந்த ஏற்றத்திலெல்லாம் தங்களை நடக்கவிட்டார் என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார்கள். ராவுத்தர் மாமா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன். ஹார்பர் வாசலுக்குப் போனபோது கப்பலின் ஏணியை இன்னும் எடுக்கவில்லை.

அம்மா பிழைத்துத் திரும்பி வந்தாள். ராவுத்தர் மாமா எங்களைக் காப்பாற்றினார் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அது பாதி உண்மை. அவர் எங்களைக் கொல்லவும் பார்த்தார். அவர் பெட்ரோலைச் சேர்த்துவைத்திராவிட்டால் நாங்கள் கிளம்பியே இருக்க முடியாது. அந்த இறக்கத்தில் அவர் அதை மிச்சம் பிடிக்காதிருந்தால் அம்மா கீழே விழுந்திருக்க மாட்டாள். இரண்டையும் எழுதுவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அன்றுமுதல் அவர் ஒரு புதுச் சட்டம் வைத்துக்கொண்டார். ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் மேட்டில் காரை நிறுத்தி, ஒவ்வொருவரிடமும், "அணைச்சிரட்டுமா?" என்று கேட்பார். குழந்தையாக இருந்தாலும் கேட்பார். ஒருவர் வேண்டாம் என்றாலும் எஞ்சினை ஓடவிட்டே இறங்குவார். அப்போது அவர் முகம் பல்வலிக்காரர் முகம்போல இருக்கும். தனியாகப் போகும்போது மட்டும் பழையபடியே அணைத்துவிடுவார். அதனால்தான் எங்கள் தெருவுக்குச் சத்தமில்லாமல் வந்தார்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, அவர் சாவியைத் திருப்பியதும் காருக்குள் வரும் அமைதியைத்தான். அதில்தான் என் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

இதை எழுதி முடிக்கும்போது அப்பா விளக்கு ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு, அம்மாவிடம், "அணைச்சிரட்டுமா?" என்று கேட்கிறார். இதற்குமுன் அவர் கேட்டு அணைத்ததில்லை. "அணைங்க" என்கிறாள் அம்மா. கடைசி வரியை இருட்டில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அமீன் அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் மூச்சு கேட்கிறது. விளக்கை அணைத்துவிட்டார்கள்.