குறைச்சுத் தா தாயே

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக் காம்பரா வீட்டின் பின்பக்கம், விறகு அடுக்குக்கு மேலே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். தண்ணீர் பிடிக்க அதை யாரும் எடுப்பதில்லை. அது என் நாத்தனாரின் கேன்.

அவளுக்கு லூபஸ். வெயில் பட்டால் கன்னம் இரண்டும் சிவக்கும். விடியும்போது முகம் வீங்கியிருக்கும். நோய் கிட்னியையும் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, "கிட்னி பழுதாயிருமாங்க?" என்று அழுதுகொண்டே கேட்டேன். "இப்போ சொல்ல ஏலாதும்மா. மருந்து தொடங்கின முதல் வருஷத்துல, சலத்தோட போற புரதம் நல்லா குறைஞ்சா, பின்னாடியும் கிட்னி தாங்கும்னு நம்பலாம்" என்றார். அதை அளக்கத்தான் கேன். கிளினிக்குக்கு முதல் நாள் காலையிலிருந்து மறுநாள் காலை வரை போகிற சிறுநீரெல்லாம் சொட்டு விடாமல் அதில் சேர வேண்டும். அம்மனிடம் எதையும் கூட்டித் தா என்றே கேட்டுப் பழகிய நான், அந்த வருஷம் முழுக்க "குறைச்சுத் தா தாயே" என்றுதான் விளக்கேற்றினேன்.

சில மாதம் கழித்து வந்த புரதக் கணக்கு, முதலில் ஆஸ்பத்திரியில் எடுத்ததில் பாதிக்கும் கீழே. கோயிலுக்கு ஓட வேண்டும் போலிருந்தது எனக்கு. டாக்டர் மட்டும் யோசித்தார். "சலம் மொத்தமும் இவ்வளவுதானா?" நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "மலையில நிக்கறப்போ செடி மறைவுலதாங்க போவோம். அங்க எப்படிங்க கேனைத் தூக்கிட்டுப் போறது?" கொழுந்து பறிக்கிற இடத்தில் கக்கூஸ் ஏது? வீட்டில் போனதை மட்டும் சேர்த்திருக்கிறாள். டாக்டர் கோபிக்கவில்லை. "இதை நம்பி நான் மருந்தைக் குறைச்சிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த முறை கேனைத் துணியில் சுற்றி என் கூடையிலேயே மலைக்குக் கொண்டுபோனேன். வெட்கப்பட்டு நின்றவளைச் சுற்றி, கூடப் பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து நாலு பக்கமும் மறைப்புப் பிடித்தார்கள். மேலே நின்ற கங்காணி சத்தம் போட்டார்.

"என்னா புள்ளைகளா, அங்க கூட்டம்?"

"கரகம் ஜோடிக்கிறோம் கங்காணி! அந்தப் பக்கம் திரும்புங்க!" என்றாள் ஒருத்தி.

மறைப்புக் கட்டி ஜோடிக்கிற சாமி காரியத்தை இப்படிப் பேசுவதா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குள் படங்குக்கு உள்ளே நாத்தனார் சிரிக்கிற சத்தம் கேட்டது. நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. நானும் சிரித்துவிட்டேன்.

அந்த முறை புரதக் கணக்கு கூடுதலாகத்தான் வந்தது. டாக்டர் மருந்தைக் கூட்டினார். அவள் தலைமுடி கொட்டியது, முகம் ஊதியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் படங்கு மறைவில் முழுசாகச் சேர்த்தாள். வருஷம் முடிகையில் புரதம் நிஜமாகவே இறங்கியிருந்தது. "இனி நம்பலாம்" என்றார் டாக்டர். சுகமாகிவிட்டது என்று சொல்லவில்லை.

இப்போது அவள் மஸ்கெலியா டவுனில் ஒரு பாயின் துணிக்கடையில் வேலை செய்கிறாள். வெயில் இல்லை, கக்கூஸ் இருக்கிறது, மறைப்புப் பிடிக்க ஆள் வேண்டாம். நாளை மறுநாள் கிளினிக். சற்று முன்புதான் விறகு மேலிருந்து கேனை எடுத்துக் கழுவினாள்.

"அண்ணி, கரகம் ரெடி. நீங்க சாமிகிட்ட சொல்லிட்டீங்களா?"

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, பழையபடியே கேட்டேன்.